மூன்று நிமிடத்துக்கு அப்புறம் மிச்சமிருந்த பாட்டு

அத்தை,

பியானோவுக்குள் இருந்த பல்பு இன்று காலையில் உயிரை விட்டுவிட்டது. உங்களுக்கு எழுதுகிற மடலில் முதல் வரியிலேயே இந்தச் சொல்லைப் போடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன். மற்ற யாரும் சிரிக்காவிட்டாலும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தோன்றியது. அதனால் கோடு போட்டு அடிக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மற்ற ஊர்களில் இருட்டினால் விளக்குப் போடுவார்கள். மலைமேல் இருக்கிற நம் நாயுடுபுரத்தில் பனி இறங்கினால் பியானோவின் வயிற்றுக்குள் விளக்குப் போடுகிறோம். ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாக வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிடும் பனி. உள்ளே இருக்கிற கம்பளித் துணியெல்லாம் ஊறிப்போய், அமுக்கின கட்டை அமுக்கினபடியே கிடக்கும். பள்ளிக்கூட நாளில் நான் படுக்கையில் கிடப்பதைப் போல, எழுந்து வரவே வராது. பால்காரர் ஒருநாள் பலகை இடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளே என்னம்மா எரியுது?" என்றார். "கோழி அடை வெச்சிருக்கோம்" என்றேன். கொஞ்ச நாள் கழித்து ஞாபகமாக, "குஞ்சு பொரிச்சிருச்சா?" என்று கேட்டார். "பொரிச்சிருச்சுங்க. எல்லாம் கறுப்பும் வெள்ளையுமா இருக்கு" என்று பதில் சொன்னது நீங்கள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். நீங்களும் என் கட்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழ்ப்பலகையைக் கழற்றியதும் அந்த வாசனை வந்தது. சூடேறிய தூசி, அந்துருண்டை, அதற்கடியில் உருளைக்கிழங்கு மண். பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிய ஒரு துரை வீட்டிலிருந்து அப்பா இதைத் தன் லாரியில் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு வந்தாரே, அந்த மண் இன்னும் பெடலுக்குள் இருக்கிறது. பல்பைத் திருகப்போன என் கை நின்றுவிட்டது. கடைசியாக அதைத் திருகிப் போட்டது நீங்கள். ஷிப்டு முடிந்து வந்த ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல், தலையைப் பியானோவுக்குள் நுழைத்துக்கொண்டு, "ஏடி வாலு, சுவிட்சைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்று உள்ளேயிருந்து கத்தினீர்கள். அந்தக் குரல் கம்பிகளில் பட்டு, பியானோவே என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது.

இதெல்லாம் ஆரம்பித்தபோது எனக்குப் பதினாலு வயது. மூன்றாம் கிரேடு பியானோ பரீட்சையில் ஒருமுறை குப்புற விழுந்துவிட்டு, மறுமுறைக்குத் தயாராவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். நீங்கள் அப்பாவின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் இணைக்கிற ஆபரேட்டர். பகலெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒயரைப் பிடுங்கி ஓட்டையில் சொருகி, மதுரையையும் மெட்ராசையும் நம் மலையோடு முடிச்சுப் போடுகிறவர். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் "லைன் பிஸி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிடும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்:

"அண்ணே, நான் பியானோ கத்துக்கலாம்னு இருக்கேன்."

அப்பா அப்பளத்தைக் கடிக்காமல் வைத்துவிட்டார். "நாப்பது வயசுல எதுக்கும்மா இந்தச் சோலி?"

"நாப்பத்தொண்ணு."

"பரவால்லே அத்தை," என்றேன் நான். "பியானோவுக்கு உங்களைவிட வயசு ஜாஸ்தி. அதுக்கு நீங்க பொடிசு."

முதுகில் ஒன்று வைத்தீர்கள். ரசக் கையோடு.

காரணம் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பியானோ மிஸ் வீட்டுக்கு முதல் நாள் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரியைச் சுற்றிப் போகிற வழி. எதிரே வருகிற குதிரைகூடக் கிட்டே வந்த பிறகுதான் தெரிகிற பனி. கேட்க வசதியான இடம். ஓடி ஒளிய முடியாது.

"எதுக்கு அத்தை? நெசமாச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லே."

"யாராவது பியானோ வாசிக்கிற மாப்பிள்ளையா?"

"செருப்பு பிஞ்சிரும்."

அப்புறம் நீங்களாகவே ஆரம்பித்தீர்கள். "ஒரு ட்ரங்க் கால் வந்துச்சுடி. அதுல ஒரு பியானோப் பாட்டு கேட்டுச்சு. நடுவுல மூணு நிமிஷம் ஆயிருச்சு, ஒரு காலுக்கு அவ்வளவுதான் கணக்கு. 'மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?'ன்னு கேட்டேன். பதில் இல்லே. மறுபடியும் கேட்டேன். பதில் இல்லேன்னா கட் பண்ணணும், அதான் ரூல். பண்ணிட்டேன்."

"சரி?"

"என்னடி சரி? பாட்டு எப்படி முடியுதுன்னு தெரியலேல்ல."

"அவ்வளவுதானா! லேசா முணுமுணுத்துக் காட்டுங்க. என்ன பாட்டுன்னு மிஸ் ஒரு நொடியில சொல்லிருவாங்க."

நீங்கள் நடுரோட்டில் நின்றுவிட்டீர்கள். "லைன்ல கேட்டதை வெளியே விடக்கூடாது. வேலையில சேர்றப்பவே சத்தியம் வாங்கியிருக்காங்க."

"அது பேச்சுக்கு அத்தை. பாட்டுக்குமா?"

"பாட்டுன்னா மட்டும்? அதுவும் ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொன்னதுதானே? இவ்வளவு சொன்னதே தப்பு. வெரசா நட."

அத்தை, நான் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் தினமும் ஒருத்தியைப் பார்க்கிறேன். ஆனால் ஒரு பாட்டை முணுமுணுக்க மாட்டேன் என்பதற்காக ஒரு வாத்தியத்தையே கற்றுக்கொள்ளப் புறப்பட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிரேடு கிரேடாக ஏறிப் போவீர்களாம். ஏதாவது ஒரு கிரேடில் அந்தப் பாட்டு வந்தே தீருமாம். புத்தகத்தில் பார்த்து வாசித்துவிட்டால், அது லைனில் கேட்டதாகாதாம். அதுவரைக்கும் அது உங்கள் காதோடு இருக்குமாம்.

மிஸ்ஸுக்கு இது எதுவும் தெரியாது. நம் ஊருக்கு வந்து தலை நரைத்துப்போன வெள்ளைக்காரம்மா. சமையல்காரரிடம் பாதியும் உபதேசியாரிடம் மீதியும் கற்றுக்கொண்ட தமிழ். நீங்கள் அவரிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "மிஸ், நெஞ்சைப் புடிக்கிற மாதிரிப் பாட்டெல்லாம் எந்த கிரேடுல வரும்?"

மிஸ் யோசித்தார். "அஞ்சு. அதுக்கு முன்னாலே விரலுக்குத்தான் சோலி அம்மா, நெஞ்சுக்கு இல்லை."

ஆக, அஞ்சு. உங்கள் மனசில் அந்த நம்பரைச் சொருகிவிட்டீர்கள். இனி யார் பிடுங்க முடியும்?

நீங்கள் கை கழுவப் போனபோது மிஸ் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வளர்ந்தவங்க ரொம்ப வேகமா ஓடுவாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, சர்ருனு போகும். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்துருவாங்க. எழும்ப மாட்டாங்க." ஏன் என்று கேட்டேன். "தெரியலையே. நான் நிறையப் பேரைப் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான்" என்றார்.

அந்த "தெரியலையே" எனக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேட்டை. அந்தப் பாட்டு எது? வளர்ந்தவர்கள் ஏன் முதலில் ஓடி அப்புறம் உட்காருகிறார்கள்?

உங்களை நான் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தேன் தெரியுமா? தவளையை அறுக்கிற வகுப்பில்கூட அவ்வளவு கவனித்ததில்லை. நான் சுரக்குறிகளைப் படிக்கப் பழக ஒரு வருஷம் முழுக்க அழுதேன். நீங்கள் ஒரே வாரத்தில் படித்தீர்கள். "இதுவும் எக்ஸ்சேஞ்சு போர்டுதான். எந்தக் கோடு எந்தக் கட்டைக்குப் போகுதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றீர்கள். தாளக் கணக்கு, எங்கே நிறுத்தணும், எங்கே இழுக்கணும் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டீர்கள். ஆனால் விரல்? மோதிர விரலைத் தனியாகத் தூக்கச் சொன்னால் பக்கத்து விரல்கள் எல்லாம் சேர்ந்து எழுந்தன, கல்யாண வீட்டில் ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டால் குடும்பமே எழுந்து வருகிற மாதிரி. எனக்கு அப்படியே நேர்மாறு. விரல் சொன்னதைக் கேட்கும். மூளைதான் லைனில் கிடைக்காது.

"நம்ம ரெண்டு பேரையும் கலந்து ரெண்டாப் பிச்சா ரெண்டு நல்ல பிள்ளை கெடைக்கும்" என்றீர்கள் ஒருநாள்.

"வேணாம் அத்தை. ரெண்டு கெட்ட பிள்ளை கெடைச்சா அப்பா தாங்க மாட்டார்."

நான் இன்னொன்றும் கவனித்தேன். தப்பான கட்டையில் விரல் பட்டால் நான் அதைக் காதில் வாங்காமல் அடுத்ததற்குப் போய்விடுவேன். நீங்கள் ஒவ்வொரு தப்புக்கும் நின்றீர்கள். நின்று, "ஸாரி" என்றீர்கள். யாரிடம்? அறையில் நானும் பியானோவும்தான். எக்ஸ்சேஞ்சுப் பழக்கம். நம்பர் மாறினால் ஸாரி, லைன் கிடைக்காவிட்டால் ஸாரி. ஒரு பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் இருக்கிற மன்னிப்பையெல்லாம் செலவழித்துவிடுவீர்கள். அப்புறம் பாட்டுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம்தான் சைக்கிள் மணி. அப்பாவின் பழைய சைக்கிளிலிருந்து கழற்றி வந்து பியானோவின் ஓரத்தில் திருகினேன். நீங்கள் ஸாரி சொன்னால் ட்ரிங். முதல் நாள் தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றிருப்பார்கள், அத்தனை மணி. உங்களுக்குக் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் "ஸா" என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே வாசிக்க ஆரம்பித்தீர்கள். மணி துருப்பிடித்துப்போனது. அதைப் போன்ற வெற்றி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

பியானோ மேல் உட்கார்ந்து டிக் டிக்கென்று தாளம் தட்டுகிற அந்த மரக்கூண்டு விஷயம் உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதன் ஆடுகிற கம்பியில் இருக்கிற எடையைத் தினமும் ஒரு இம்மி கீழே இறக்கி வைப்பேன். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வேகம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் மூச்சு வாங்கக் கையை எடுத்துவிட்டு, "என்னடி இது, இன்னிக்கு இந்தக் கடிகாரத்துக்குப் பேய் புடிச்சிருக்கு" என்றீர்கள். "பேயானோ அத்தை" என்றேன். எழுந்து துரத்தினீர்கள். மாமரம் இருந்தால் ஏறியிருப்பேன். நம் ஊரில் பிளம்ஸ் மரம்தான், கிளை தாங்காது. மாட்டிக்கொண்டேன்.

முதல் பரீட்சைக்குச் சில மாதம்தான் இருந்தது. ஒன்றாம் கிரேடு எழுதித் தேறினீர்கள். பொடிப்பயல்களுக்கு நடுவே புடவை கட்டிய ஒரே ஆள். அதே நாளில் நானும் எப்படியோ மூன்றைத் தாண்டினேன். அடுத்து இரண்டாம் கிரேடுதானே? மிஸ் கையை ஆட்டிவிட்டார். "வளர்ந்தவங்களுக்கு எல்லாப் படியும் வேண்டாம். நேரே மூணுக்குப் போ." உங்கள் கண் எப்படி மின்னியது! பஸ்ஸில் ஒரு ஸ்டாப் மிச்சம் பிடித்த மாதிரி. இரண்டாம் கிரேடு புத்தகத்தை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும் "குதிங்க அத்தை, குதிங்க" என்று கை தட்டினேன்.

அடுத்த வருஷம் மூன்று. அதையும் முடித்தீர்கள். "நாலையும் தாண்டிரலாமா மிஸ்?" என்று கேட்டீர்கள். தாண்டினீர்கள். நான் ஆறேழு வருஷமாக ஆமை மாதிரி வந்த தூரத்தை நீங்கள் மூன்றாவது பரீட்சைக்குள் வந்து சேர்ந்துவிட்டீர்கள். அஞ்சாம் கிரேடுக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம். மிஸ் அஞ்சாம் கிரேடு புத்தகத்திலிருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிய சாயங்காலம் ஞாபகம் இருக்கிறது. நான் பாட்டைக் கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு, இல்லை. இரண்டாவது, இல்லை. கடைசிப் பாட்டு முடிந்தபோது நீங்கள் தலையை லேசாக ஆட்டினீர்கள்.

வெளியே வந்ததும், "ஆறுல இருக்கும்" என்றீர்கள்.

அப்புறம்தான் நீங்கள் உட்கார்ந்தீர்கள், மிஸ் சொன்னபடியே. அஞ்சாம் கிரேடு பாட்டில் இரண்டு கையும் வேறு வேறு பேச்சுப் பேசுகிற ஒரு இடம் இருந்தது. அங்கே வந்ததும் உங்கள் கை நின்றது. நாள் கணக்காக, வாரக் கணக்காக அதே இடம். சைக்கிள் மணிக்கு எண்ணெய் போட வேண்டியதாயிற்று. சப்பாத்தி மாவில் வாசித்தீர்கள், அப்பாவின் லாரி மட்கார்டில் வாசித்தீர்கள். பியானோவில் மட்டும் வரவில்லை. "ரெண்டு லைன்ல ஒரே நேரத்துல பேச என்னால முடியும். கேக்கத்தான் முடியலே" என்றீர்கள். அது சிரிப்புக்குச் சொன்னதில்லை.

அதற்கு மேலே மிஸ் ஒரு செய்தி சொன்னார். இந்தப் பரீட்சை முடிந்ததும் ஊருக்குத் திரும்புகிறாராம். கப்பலுக்குப் பதிவு செய்தாயிற்றாம். அவருக்குப் பிறகு இங்கே ஆறாம் கிரேடு சொல்லித்தர ஆள் கிடையாது. அதாவது, அஞ்சில் இல்லாத பாட்டு ஆறில் இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது. திரும்பி வரும்போது நீங்கள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தீர்கள். நான் ஓடித்தான் எட்டிப் பிடித்தேன்.

"இப்பவாவது முணுமுணுத்துருங்க அத்தை. மிஸ் போறதுக்குள்ளே" என்றேன் வாசலில்.

"சத்தியம்னா கப்பல் வந்தா ரத்தாயிருமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

பரீட்சை நாள். சீமையிலிருந்து வந்த பரீட்சைத் துரை, பள்ளிக்கூட மண்டபத்தில் நல்ல பியானோவோடு உள்ளே. நாம் வெளியே வராந்தா பெஞ்சில். எனக்கு முடிந்துவிட்டது, எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள், துரையின் பேனா நிற்கவே இல்லை. உங்கள் கை இரண்டும் மடியில் அந்த ஒரே இடத்தையே வாசித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் கான்வென்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பாப்பா. பல் விழுந்த வாய், வெள்ளை சாக்ஸ், மடியில் புத்தகம்.

"நீ எந்த கிரேடு பாப்பா?" என்று பயத்தை மறைக்கக் கேட்டீர்கள்.

"ரெண்டு ஆன்ட்டி. நீங்க?"

"அஞ்சு."

"அம்மாடி!" என்றாள். உங்களைவிட அவளுக்குத்தான் உங்களைப் பற்றிப் பெருமை.

அவளைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. முதல் பாட்டு வந்தது. ஏதோ அணிவகுப்புப் பாட்டு, டம் டம்மென்று. அப்புறம் இரண்டாவது பாட்டு.

என் முழங்கை வலித்தது. பார்த்தால் உங்கள் விரல்கள் அதைக் கவ்விப் பிடித்திருந்தன. அந்த மோதிர விரலும் சேர்த்து.

"அத்தை?"

உங்கள் இன்னொரு கை எழுந்து காதை மூடுகிற மாதிரி வந்தது. மூடவில்லை, காதுக்கருவியைச் சரிசெய்கிற மாதிரி உள்ளங்கையை வைத்துக்கொண்டீர்கள். மெதுவான பாட்டு. ஒற்றை ஒற்றைச் சுரமாக, ஒரு பிள்ளை மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிற மாதிரி. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பாட்டு இதுதான். போகுது, போகுது, இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தபோது உள்ளே பாப்பா தடுமாறினாள். நின்றாள். மறுபடி தொட்டாள், தப்பு. மறுபடி, தப்பு. துரை ஏதோ கனிவாகச் சொல்கிற சத்தம். அவ்வளவுதான். பாட்டு அங்கேயே நின்றுவிட்டது.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏடி, அவ எந்த கிரேடுன்னு சொன்னா?"

"ரெண்டு, அத்தை."

உங்கள் முகத்தில் வந்ததை இன்றுவரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சிரிப்பு பாதி, அழுகை பாதி என்று எழுதினால் பொய். யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருக்க, அவரை ஊரெல்லாம் தேடிவிட்டு வந்தவர் முகம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்குள் கதவு திறந்து உங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்கள் அஞ்சாம் கிரேடை நான் வெளியே நின்று கேட்டேன். இரண்டு கையும் வேறு வேறு பேச்சுப் பேசுகிற இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை நிற்கவில்லை. இரண்டு லைனும் தடையில்லாமல் போயின. எப்படி என்று அன்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பயப்படுவதற்கு அன்றைக்கு உங்களுக்கு இடமே இல்லை. மனசெல்லாம் இரண்டாம் கிரேடில் இருந்தது. விரல்கள் ஆளில்லாத வீட்டில் பிள்ளைகள் மாதிரி தைரியமாக விளையாடிவிட்டன. வளர்ந்தவர்கள் ஏன் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதற்கு இதுதான் பதிலா? தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதாலா? தெரியலையே.

வெளியே வந்ததும் நீங்கள் என்னைத் தேடவில்லை. பெஞ்சில் விம்மிக்கொண்டிருந்த பாப்பாவின் முன்னால் போய்க் குனிந்தீர்கள்.

"பாப்பா, அந்த ரெண்டாவது பாட்டை எனக்கு ஒருக்கா முழுசா வாசிச்சுக் காட்டுறியா?"

"எனக்குக் கடைசி வராது ஆன்ட்டி."

"வரும். இங்கே யாரும் மார்க்குப் போட மாட்டாங்க."

புத்தகம் அவள் கையிலேயே இருந்தது. அஞ்சாம் கிரேடு வாசித்த நீங்கள் அதை வாங்கிப் பார்த்தவுடனே வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. பக்கத்து வகுப்பறையில் ஒரு ஓட்டைப் பியானோ இருந்தது. அவளை அதில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றீர்கள். உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொண்டீர்கள். பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள். அந்த இடம் வந்தது. அவள் நின்றாள். நானும் நீங்களும் நின்றோம், ஜன்னலுக்கு வெளியே பனியும் நின்றது என்றுதான் எனக்கு ஞாபகம். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தாள்.

நாலே நாலு சுரம். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

"முடிஞ்சுதா பாப்பா?" என்று திரும்பாமலே கேட்டீர்கள்.

"முடிஞ்சுது ஆன்ட்டி."

"தேங்க் யூ. லைன் க்ளியர்."

வீட்டுக்கு வரும் வழியில், கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னீர்கள். "இப்ப இது வெளியே கேட்டதுடி. சொல்லலாம்." ஒரு பெரிய வீட்டிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை மெட்ராசில் இருக்கிற அப்பாவைக் கூப்பிட்டதாம். கொஞ்சம் பேசிவிட்டு, 'அப்பா, இதைக் கேளுங்க' என்று டெலிபோனைப் பியானோ மேல் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்ததாம். நீட்டிக்கணுமா என்று நீங்கள் கேட்டபோது பிள்ளையின் காதுக்கு எட்டியிருக்காது. அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டதாம். "அந்த மனுசனுக்குப் பாட்டுக்கு நடுவுல பேச மனசு வரலே போல. அவருக்கு வரலே. நான் பேசிட்டேன்" என்றீர்கள். ஏரிக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தீர்கள். அப்புறம் திடீரென்று சிரித்தீர்கள். "நாலு சுரம்டி! இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நானும் இந்த மோதிர வெரலோட மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்."

"ரெண்டாம் கிரேடைத் தாண்டாம இருந்திருந்தாலும் வேண்டாம்" என்றேன்.

"அதைச் சொல்லு. உங்க மிஸ்ஸைச் சொல்லணும்."

மிஸ்ஸிடமே சொன்னோம். அவர் அந்தப் பாட்டின் முதல் வரியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதா! ரெண்டாம் கிரேடுக்கு இதைத்தானே அந்த வருஷம் உனக்குக் கொடுத்திருப்பேன்!" அப்புறம் என்னைப் பார்த்து, "பார், வேகமாப் போறவங்களுக்கு நான் இனிமே படியைத் தாண்டுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். கப்பலுக்குக் கிளம்புகிற அன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார். நீங்கள் அஞ்சில் தேறினீர்கள். நானும் எப்படியோ கரை ஏறினேன். ஆறாம் கிரேடு வேண்டுமா என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. சாயங்காலங்களில் அந்த இரண்டாம் கிரேடு பாட்டை மட்டும் வாசிப்பீர்கள், அவசரமே இல்லாமல். அந்த மரக்கூண்டை நான் தொடவே இல்லை.

போன ஐப்பசி மழையில் உங்களுக்கு வந்த காய்ச்சலை எல்லோரும் சாதாரணச் சளி என்றுதான் நினைத்தோம். பியானோ ஏறி வந்த அதே லாரியில், மெத்தை விரித்து, அப்பா உங்களை மதுரைக்கு இறக்கிக்கொண்டு போனார். ஏறும்போது என்னிடம், "பல்பை அணைச்சிராதே, கட்டை ஒட்டிக்கும்" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். நானும் அணைக்கவில்லை. இன்று காலை வரைக்கும் அது அணையவில்லை.

புது பல்பு போட்டுப் பலகையை மூடிவிட்டேன். கட்டைகள் சூடேறக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரைக்கும் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து உங்கள் பாட்டை வாசித்தேன். எனக்கு இது ஒரு சின்னப்பிள்ளைப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். ஆனாலும் அந்த இடம் வந்ததும் என் கை எப்போதும் தானாக நின்றுவிடுகிறது. இன்றும் நின்றது. அந்த நிறுத்தத்தில் உங்கள் குரல் கேட்கும், தெளிவாக, எக்ஸ்சேஞ்சுக் குரல், வீட்டுக் குரல் இல்லை:

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

அன்றைக்கு உங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்று நான் சொன்னேன். அப்பா காதில் விழுகிற மாதிரி, சத்தமாகவே.

"நீட்டிங்க அத்தை."

மிச்ச நாலு சுரத்தையும் வாசித்தேன்.